சுட்ட பலகை

அசையாதீங்க மேடம் என்கிறான் ஆண்டோ. நான் எங்கே அசைந்தேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அசையாமல் இருப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யவில்லை நான். வலது உள்ளங்கை முழுக்கச் சுவரில் பதியணுமாம், பத்திரிகைக்கு அப்படித்தான் வேணுமாம், தான் செய்ததைத் தானே தொட்டுக்கொண்டு நிற்கிற டிசைனர் சிவகாமி. பதித்திருக்கிறேன். சுவர் சொரசொரவென்று, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது, கிழக்கு ஜன்னல் வெயில் காலையிலிருந்து இதன் மேல்தான். நெருப்பில் சுட்டுக் கரியாக்கிய பலகைகள், தரையிலிருந்து மேல் வரைக்கும் முப்பத்தாறு. இந்த அறையில் மிதுளா என்று மூன்றரை வயதுக் குழந்தை தூங்குகிறாள், விளையாடுகிறாள், இந்தச் சுவரைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்கிறாள். இந்தச் சுவரில் விஷம் இருக்கிறது. இருக்கலாம். என்ன இருக்கலாம், இருக்கிறது. அவள் அம்மா கௌசல்யாவுக்கு அது தெரியாது, போட்டோ எடுக்கிற இவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், காலை ஏழு மணியிலிருந்து தெரியும், தெரிந்துகொண்டே குளித்து, சேலை கட்டி, கிணத்துக்கடவு தாண்டி இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, இதோ சிரித்துக்கொண்டு நிற்கிறேன். மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க மேடம். இறக்கினேன்.

பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் ராயப்பன் கூப்பிட்டார். செட்டிபாளையத்தில் என் பட்டறையில் பலகை சுடுகிறவர் அவர்தான், ஒரு நாளும் காலையில் கூப்பிட மாட்டார், வேலை விஷயம் எதுவானாலும் பத்து மணிக்கு மேல்தான். மேடம் நாலு ஆடு செத்துப்போச்சுங்க என்றார். பக்கத்துத் தோட்டத்து ஆடுகள். போன வாரம் மழை பெய்து நம் சாம்பல் குவியல் நனைந்ததிலிருந்து தினமும் வேலி நுழைந்து வந்து நக்குதாம், அடித்துத் துரத்தினாலும் திரும்ப வந்து நக்குதாம், முந்தாநாள் ரெண்டு, நேற்று ரெண்டு. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு இது என்ன மரத்துச் சாம்பல் என்று கேட்டாராம். என்னன்னு சொல்லட்டும் மேடம் என்று ராயப்பன் என்னைக் கேட்கிறார். வாய் நிறைய நுரை. துப்பிவிட்டு நான் நேர்ல வந்து பேசறேன் என்றேன். வைப்பதற்கு முன்னால் இருமினார். அந்த இருமல் ஏழெட்டு மாதமாக இருக்கிறது, நானும் புகைதானே, புகையில் நின்றால் இருமல் வராதா, துணியைக் கட்டிக்கோங்க என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். போனை வைத்தபிறகு கண்ணாடி முன்னால் பிரஷ்ஷோடு நின்றேன். ஆடு எதற்குச் சாம்பலை நக்கும்? உப்பாக இருந்தால் நக்கும். அது எந்தச் சாம்பல் உப்பாக இருக்கும் என்பது எங்கேயோ படித்தது, எங்கே படித்தேன், படிக்கவில்லை, கேட்டது, அகமதாபாத் டிசைன் காலேஜில் மூன்றாம் வருஷம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வகுப்பு, மரத்தைக் காப்பது எப்படி என்று. தண்ணீரில் நிற்கப் போகிற மரத்துக்குள் தாமிரமும் குரோமியமும் ஆர்செனிக்கும் கரைத்து அழுத்தி ஏற்றுவார்கள். மரம் இளம் பச்சையாகிவிடும். அந்த மரத்தை ஒருக்காலும் எரிக்கக் கூடாது, எரித்தால் கொஞ்சம் புகையோடு போகும், மிச்சமெல்லாம் கரியிலும் சாம்பலிலும் அப்படியே நிற்கும், ஆடு மாடு தேடி வந்து தின்று சாகும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆர்செனிக் என்றால் என்னவோ வேதியியல் மாதிரி இருக்கிறது, எங்கள் ஊரில் அதற்குப் பேர் பாஷாணம்.

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க மேடம், கை எடுக்காதீங்க. எடுக்கவில்லை. மரம் ஏதென்று நான் கேட்காமலா வாங்கினேன், கேட்டேன். மூடிப்போன ஏதோ ஆலையில் கூலிங் டவரைப் பிரித்த மரம் என்றார் காயலான் கடைக்காரர். இருவத்தஞ்சு வருசமா ராவும் பகலும் தண்ணி கொட்டிட்டே இருந்த மரமுங்க, ஒரு கரையான் இல்ல, ஒரு பூஞ்சை இல்ல, பாத்துக்கோங்க என்று ஒரு பலகையைத் தட்டிக் காட்டினார். நானும் தட்டினேன், கணீரென்று இருந்தது. கரையான் ஏன் வரவில்லை என்று கேட்டேனா? கேட்கவில்லை. பலகையில் மங்கலாக ஒரு பச்சை ஓடியது. பாசி என்று நினைத்தேன், இருபத்தைந்து வருஷத்துத் தண்ணீர் விட்டுப்போன கறை என்று நினைத்தேன், இன்னும் சொல்லப்போனால் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் விழுந்தேன், ஒரு லோடு முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஜப்பானில் உள்கடல் தீவு ஒன்றில் மூன்று மாதம் இருந்து இந்தச் சுடும் வேலையைப் பழகிவிட்டு வந்திருந்த நேரம் அது. மூன்று பலகையை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டி, நடுவில் காகிதத்தைச் செருகிப் பற்றவைத்து நிமிர்த்தினால் புகைக்கூண்டு மாதிரி நெருப்பு உள்ளே ஏறிக்கொண்டு உறுமும், ஐந்தாறு நிமிஷம், அப்புறம் கட்டை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி அணைக்கணும், உள்பக்கம் அழகாகக் கரியாகியிருக்கும். கரியாகிவிட்ட பலகையை மழையும் ஒன்றும் செய்யாது, பூச்சியும் தொடாது. அங்கே தெருத்தெருவாக வீடுகள் அப்படிக் கறுப்பாக நிற்கின்றன, கடல் காற்றில், எத்தனையோ வருஷமாக. ஆனால் அங்கே சுடுவது அப்போதுதான் அறுத்த தேவதாரு. பழைய மரத்தை யாரும் சுடவில்லை. பழைய மரத்தைச் சுடலாமே என்று யோசித்தது நான். மறுபயன்பாடு ஒரு நல்ல விஷயம், ஜப்பான்காரன் கைவேலை ஒரு நல்ல விஷயம், ரெண்டையும் சேர்த்த புத்திசாலி கோயம்புத்தூர் சிவகாமி. மேடை மேடையாக அதைச் சொன்னேன். கிழிந்த லுங்கியில் ஒட்டுப்போட்டு ஓட்டுத்தையல் போட்ட மெத்தை விரிப்பு, உடைந்த பீங்கானை ஒட்டித் தங்கத்தூள் பூசிய தட்டு என்று மற்றவர்கள் செய்துகொண்டிருந்தபோது எனக்குச் சுவரே கிடைத்தது. முதல் பலகை சுட்ட அன்றைக்கு நெருப்பின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. ராயப்பன்தான் முதலில் பார்த்தார், என்னங்க மேடம் தீ பச்சையா வருது என்று ஒரு அடி பின்னால் போனார். நான் ஒரு அடி முன்னால் போய் வீடியோ எடுத்தேன். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். தாமிரம் எரிந்தால் பச்சை என்பது பத்தாம் வகுப்புப் பாடம். அந்த நாலு லட்சம் பேரில் ஒரு வாத்தியார் கூடவா இல்லை, ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா. கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன், அவரை பிளாக் பண்ணிவிட்டுப் போயிருப்பேன்.

கௌசல்யா இளநீரோடு வந்து வாசலில் நிற்கிறாள். உள்ளே வந்தால் நிழல் விழும் என்று ஆண்டோ சொல்லியிருப்பதால் அப்படியே நிற்கிறாள், பாவம், அவள் வீடு. நல்ல பெண். முதல் தடவை என் பட்டறைக்கு வந்தபோது மிதுளாவை இடுப்பில் வைத்திருந்தாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை, கெமிக்கல் மட்டும் வேண்டாமுங்க்கா என்றாள், பாப்பா ரூமு, பெயின்ட் வாசமே ஆகாது அவளுக்கு. கெமிக்கலா, நெருப்பும் தண்ணியும் மட்டும்தான் கௌசி, வேற எதுவுமே கிடையாது என்று சொன்னேன். மற்ற வீடுகளில் சுட்ட பலகை மேல் ரெண்டு கை வார்னிஷ் அடிப்போம், கை கறுக்காமல் இருக்க. இங்கே அடிக்கவில்லை. வார்னிஷ் விஷமாம், அதனால் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கரி கையோடு வந்திருக்காது. தேங்காய் நார் பிரஷ்ஷால் ரெண்டு தரம் தேய்த்து, உதிர்ந்தது போக மிச்சத்தை அப்படியே விட்டேன், இதுதான் சுத்தமான சுவர் என்றேன். ரெண்டு வாரத்துக்கு முன்னால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள், சிரித்துக்கொண்டே. சிவகாமிக்கா, நம்ம பாப்பா சொவத்தத் திங்கறாளுங்க, நகத்துல சொரண்டி சொரண்டி வாயில போட்டுக்கறா, பல்பம் திங்கற மாதிரி, பரவால்லீங்களா? நான் பதிலுக்கு என்ன அனுப்பினேன். அதை நினைக்க வேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைக்கிறேன், மறுபடி மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறது. கரி வயித்துக்கு நல்லதுதான், அந்தக் காலத்துல கரியிலதான பல்லு வெளக்குனாங்க, திங்கட்டும் விடு. திங்கட்டும் விடு. எழுதிக்கூட அனுப்பவில்லை, என் குரலில் சொல்லியிருக்கிறேன், பின்னால் என் சிரிப்பும் இருக்கும். அதற்கப்புறம்தான் குழந்தைக்கு வயிறு சரியில்லை. பத்து நாளாகப் போய்க்கொண்டே இருக்கிறதாம், டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தாராம், நிற்கவில்லையாம், வேறு மருந்து மாற்றியிருக்கிறாராம். இன்றைக்கு வந்ததும் காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள். வாயோரம் புண்ணு வேற வந்திருக்குதுங்க்கா, சோறே எறங்க மாட்டேங்குது. அப்போது சொல்லியிருக்கலாம். டம்ளர் கையில் இருந்தது, எதிரில் அவள் இருந்தாள், ஆண்டோ வெளியே காரிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தான், வீட்டில் வேறு யாரும் இல்லை, அவள் வீட்டுக்காரர் நூல் மில்லுக்குப் போய்விட்டார். சீசன் அப்படி என்றேன். நானேதான் சொன்னேன்.

சோளமாகக்கூட இருக்கலாம். ஆடு இளஞ்சோளப் பயிரை மேய்ந்தால் வயிறு உப்பிச் செத்துப்போகும், எங்கள் தோட்டத்திலேயே ஒரு தடவை மூன்று போயிருக்கிறது, அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பட்டறைக்கு மேற்கே யாரோ சோளம் போட்டிருக்கிறார்கள், முழங்கால் உயரம், நான் பார்த்தேன், பச்சையாக இருந்தது, இல்லை, அது தட்டைப்பயிரோ என்னவோ. சோளம்தான். சோளமாக இருந்தால் இந்தச் சுவர் வெறும் சுவர். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராதா, ஊரெல்லாம் இருக்கிறதே. பலகையில் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பினால் நாலு நாளில் ரிசல்ட் வந்துவிடும். வந்தபிறகு சொல்வதுதானே பொறுப்பான செயல், சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு தாயைப் பயமுறுத்துவதா. அட, எவ்வளவு அழகாகப் பேசுகிறாய் சிவகாமி, பத்திரிகைக்காரர்கள் கேட்டால் இதையே போட்டுவிடுவார்கள். நாலு நாள். நாலு நாளும் மிதுளா இந்த அறையில்தான் படுப்பாள். ஒரு பொய் சொல்லி வேறு அறைக்கு மாற்றச் சொல்லலாமே, கௌசி, பலகைக்கு எண்ணெய் வைக்கணும், ஒரு வாரம் இந்த ரூமைப் பூட்டி வைங்க என்று. அது நல்ல யோசனை. அது நல்ல யோசனையாகவே காரில் வரும்போதும் இருந்தது, போட்டோ முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்தேன், ஏன் முடிந்ததும், ஏன் முன்னாலேயே இல்லை? ஏனென்றால் படம் வேணும் எனக்கு. அடுத்த மாதம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிடப் போகிறது, மழலையர் வகுப்பு முழுக்கக் கரிப் பலகை, பேசியாகிவிட்டது, படம் வருவதுதான் பாக்கி. மழலையர் வகுப்பு. சின்னச் சின்னக் கை, வகுப்புக்கு நாற்பது. என் கை இன்னும் வெதுவெதுவென்று சுவரிலேயே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெயிலுக்குப் போவேனா என்று பயம், பேர் போகுமா என்று பயம், அதெல்லாம் முதலில் வந்தது, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் கடைசியில்தான் வந்தது, அந்த வரிசையை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

மேடம் ஒரு ஐடியா என்கிறான் ஆண்டோ. மடிக்கணினியைக் குழந்தையின் குட்டி மேஜையில் வைத்து, எடுக்க எடுக்கப் படம் அதில் பெரிதாக வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எதுவோ குறைகிறதாம், அறையில் உயிர் இல்லையாம், பாப்பாவைக் கூப்பிடலாமா. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கௌசல்யா இளநீரைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், நல்ல கவுன் வேறு, மஞ்சள், இதற்காகவே காலையில் போட்டு வைத்திருந்திருப்பாள். குழந்தை இளைத்திருக்கிறாள். ரெண்டு மாதத்துக்கு முன்னால் பார்த்தபோது கன்னம் இருந்தது. சோர்ந்து அம்மா தோளில் கிடந்தவள் சுவரைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள், இறங்கி நேராக அதனிடம் வந்தாள், என் பக்கத்தில், என் இடுப்பு உயரம் கூட இல்லை. அவளுக்கென்று ஒரு இடம் இருக்கிறது அங்கே, கீழே, மூலையிலிருந்து மூன்றாவது பலகையில், கரி போய் மரம் வெளியே தெரிகிறது, உள்ளங்கை அகலத்துக்கு. நான் வந்ததிலிருந்து அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாப்பா, சொவத்துல படம் வரை பாக்கலாம் என்கிறான் ஆண்டோ. அவள் விரலால் ஒரு வட்டம் போட்டாள். விரல் நுனி கறுப்பாயிற்று. பாருங்க இப்ப வாயில வெப்பா என்றாள் கௌசல்யா, சிரிப்போடு, தன் பிள்ளையின் குறும்பைப் பிறருக்குக் காட்டுகிற சிரிப்பு. ஆண்டோ மண்டியிட்டுக் கேமராவைத் தூக்கினான். விரல் வாய்க்குப் போனது. சப்பினாள், கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக. சூப்பர் சூப்பர் என்றான் அவன், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை, மற்றவர்கள் சிரித்தார்கள், என் வாயும் திறந்துகொண்டது.

மிதுளா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். விரலை வாயிலிருந்து எடுத்து, ஈரமாக, கறுப்பாக, எனக்கு நீட்டினாள். உப்பு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கும் தருகிறாள், பிள்ளை பகிர்ந்து தின்கிறது. ஆட்டுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது, சோளம் தூரத்தில் எங்கேயோ போய்விட்டது, லேப், நாலு நாள், எண்ணெய் வைக்கணும், எல்லாம் போய்விட்டது, ஒரு விரல் மட்டும் முன்னால் நின்றது. இதற்கு மேல் எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. கையைச் சுவரிலிருந்து எடுத்தேன். மேடம் அசையாதீங்க ப்ளீஸ் இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குனிந்து குழந்தையைத் தூக்கினேன், என் முந்தானையை அவள் வாய்க்குள் விட்டுத் துடைத்தேன், அழுதாள், அழுத்தித் துடைத்தேன், தூக்கிக்கொண்டு வெளியே ஹாலுக்கு வந்தேன். கௌசல்யா பின்னாலேயே ஓடிவந்தாள், என்னாச்சுங்க்கா, என்னாச்சுங்க்கா என்று.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொல்லவில்லை. அந்த மரத்தில் மருந்து ஏற்றியிருக்கிறது, சுட்டால் அது கரியில் தங்கிவிடும், பாஷாணம் கௌசி, பட்டறையில் சாம்பலை நக்கிய ஆடு நாலு செத்துப்போச்சு, பாப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் போனது இதனால்தான் இருக்கும், இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், டாக்டரிடம் ஆர்செனிக் என்று சொல்லணும், ரத்தம், சிறுநீர், முடி எல்லாம் பார்க்கச் சொல்லணும், நான் கூட வர்றேன், நானே சொல்றேன். நான் பேசப் பேச அவள் என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அடிப்பாள் என்று கூட, அடித்தால் தேவலை என்று இருந்தது. மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்களுக்கு எப்பங்க்கா தெரியும்?"

இப்பத்தான் கௌசி என்று நாக்கு நுனியில் ரெடியாக இருந்தது. இப்பத்தான் போன் வந்தது என்று சொல்லலாம், யாருக்குத் தெரியப்போகிறது. அவள் என் முகத்தையே பார்த்தாள், கண் இமைக்கவில்லை, குழந்தை அவள் தோளில் தேம்பிக்கொண்டிருந்தது. காலைல, ஏழு மணிக்கு என்றேன். அவள் தலையை ஆட்டினாள், கணக்குச் சரியாக இருக்கிறது என்கிற மாதிரி. அப்புறம் திரும்பி அந்த அறைக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகத் தைரியம் இல்லை. ஆண்டோ ஒன்றும் புரியாமல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். மேஜையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது, கடைசியாக எடுத்த படம் அதில் பெரிதாக நின்றது, கறுப்புச் சுவர், மஞ்சள் கவுன், கண் மூடி விரல் சப்புகிற மிதுளா, அவளுக்குப் பின்னால் சுவரில் கை வைத்து, பல் தெரிய, நான். கௌசல்யா குனிந்து அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே அவர்கள் வீட்டு டிரைவர் காரை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது, எப்போது அவனைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்து ஆண்டோவிடம், சாதாரணமாக, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற மரியாதை குறையாமல் சொன்னாள்.

"இந்தப் படத்தை எனக்கு அனுப்பி வைங்க. அவங்கப்பா பாக்கோணும்."

ஆண்டோ என்னைப் பார்த்தான். அனுப்புங்க என்றேன்.